முதல் தையற்பொறி வாங்குமுன்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக் கடைவீதியும் களைகட்டிவிடும். அருவியில் குளித்துவிட்டு மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்குவோருக்குப் பை வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பைகள் 2019 சனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளன. துணிப்பை தைத்து விற்கலாமே என்று எங்கள் பக்கத்து வீட்டு அக்கா நினைத்தார். சீட்டுப் பணத்தை எடுத்து ஒரு தையற்பொறியும் வாங்கிவிட்டார்.

சில நாட்களில் என்னை அழைத்தார். "தம்பி, நீங்க பிசிக்ஸ் சொல்லிக் கொடுக்கிறவங்கதானே, இது ஏன் தைக்க மாட்டேங்குதுன்னு கொஞ்சம் பாருங்களேன்."

பொறி சிறியது, அழகானது. பூ, இலை, அலை என்று பலவகைத் தையல்கள் அதில் உண்டு. ஆனால் காடாத் துணியில் கைப்பிடி வைத்துத் தைக்கும் இடத்தில், நான்கு மடிப்பைக் கண்டதும் ஊசி நின்றுவிடுகிறது. பொறியில் பழுது ஏதும் இல்லை. அது மெல்லிய துணிக்காகச் செய்யப்பட்டது. எதைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்று அக்கா கேட்டார். அதற்கு விடை தையற்பொறியின் வரலாற்றிலேயே இருக்கிறது. வாசகர்களே, அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு காலத்தில் விடை தெரியாத வினாவாக இருந்ததுதான்!

நூல் ஒன்றா, இரண்டா?

இங்கிலாந்தில் தாமஸ் செயின்ட் என்பவர் 1790-லேயே தோல் தைக்கும் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் பொறியை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தெலமி திமோனியே. அவர் 1830-இல் காப்புரிமை பெற்றார். பாரிசில் 80 பொறிகள் இராணுவச் சீருடைகளைத் தைத்தன. தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831 சனவரியில் திரண்டு வந்து அவற்றை நொறுக்கினார்கள். திமோனியே 1857-இல் வறுமையில் இறந்தார்.

அவருடைய பொறியில் ஒரே நூல்தான். அது போட்டது சங்கிலித் தையல். அரிசி மூட்டையின் வாயைப் பிரித்திருக்கிறீர்களா? சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுவதும் சரசரவென்று உருவிக்கொண்டு வரும். மூட்டைக்கு அது வசதி, சட்டைக்கு ஆபத்து!

இதற்கு விடை இரண்டு நூல். மேல் நூல் ஊசியிலும் கீழ் நூல் பாபினிலும் இருக்கும். கையூசிக்குக் காது மேல்முனையில் இருக்கிறது. பொறியின் ஊசிக்கோ காது கூர்முனைக்கு அருகில் இருக்க வேண்டும். ஊசி துணியைத் துளைத்து இறங்கிச் சற்றே மேலெழும்போது, துணியின் உராய்வு நூலை உடன் செல்ல விடுவதில்லை. நூல் ஊசியின் பக்கத்தில் ஒரு சிறு வளையமாக விரிகிறது. அந்த வளையத்தின் வழியே கீழ் நூல் செல்கிறது. இரண்டும் துணியின் நடுவே பூட்டிக்கொள்கின்றன.

அமெரிக்கரான வால்டர் ஹன்ட் 1830-களிலேயே இந்த முறையில் ஒரு பொறியைச் செய்தார். ஆனால் உரிய காலத்தில் காப்புரிமை கேட்கவில்லை. அதே நாட்டவரான இலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய பொறி நிமிடத்துக்கு 250 தையல் போட்டது.

துணியை நகர்த்துவது யார்?

ஹோவின் பொறியில் துணியை ஒரு தகட்டின் முட்களில் மாட்டித் தொங்கவிட வேண்டும். தகடு முடிந்ததும் மறுபடி மாட்ட வேண்டும். வளைவுகளைத் தைக்க முடியாது. ஆலன் வில்சன் 1854-இல் இதற்கு வழி கண்டார். ஊசிக்குக் கீழே உள்ள பற்கள் மேலே எழும், முன்னே நகரும், கீழே இறங்கும், பின்னே திரும்பும். இந்த நான்கு அசைவில் துணி ஒரு தையல் தூரம் செல்கிறது. இன்றைய பொறிகளிலும் இதே ஏற்பாடுதான்.

ஐசக் சிங்கர் 1851-இல் நேராக இறங்கும் ஊசியையும், துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தையும், கால்மிதியையும் சேர்த்தார். பிறகு காப்புரிமை வழக்குகள் மூண்டன. 1856-இல் முக்கிய உற்பத்தியாளர்கள் உரிமைகளை ஒன்றாகச் சேர்த்துச் சமாதானம் ஆனார்கள். தவணை முறையில் பொறி விற்பதையும் சிங்கர் நிறுவனம் அதே ஆண்டில் தொடங்கியது. 1861-இல் வெளியான ஒரு கணக்கின்படி, கையால் 14 மணி 26 நிமிடம் பிடித்த ஆண்கள் சட்டையைப் பொறி 1 மணி 16 நிமிடத்தில் தைத்தது.

காலும் சக்கரமும்

கால்மிதிப் பொறியில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். கீழ்ச் சக்கரத்தின் விட்டம் 12 அங்குலம், மேல் சக்கரத்தின் விட்டம் 3 அங்குலம் என்று கொள்வோம். கீழே ஒரு சுற்று என்றால் மேலே 4 சுற்று. சுற்றுக்கு ஒரு தையல். நிமிடத்துக்கு 100 முறை மிதித்தால் 400 தையல். தையலின் நீளம் 2.5 மி.மீ. என்றால் நிமிடத்துக்குச் சரியாக ஒரு மீட்டர்!

கனமான இரும்புச் சக்கரம் சுழலும்போது இயக்க ஆற்றலைச் சேமித்து வைக்கிறது. தடித்த மடிப்பில் ஊசி தடுமாறும்போது அந்த ஆற்றல்தான் கைகொடுக்கிறது. அக்காவின் பொறியில் கனத்த சக்கரம் இல்லை; சிறிய மோட்டார் மட்டுமே இருந்தது.

நம் நாட்டில்

சிங்கர் பொறிகள் 1870-களிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டன. 1924-இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியடிகளிடம், தாங்கள் எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். அடிகள் விலக்காகச் சொன்னது தையற்பொறியைத்தான். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு சிங்கர் அதைச் செய்தார் என்று அவர் கருதினார். வரலாறு அப்படிச் சொல்லவில்லை; சிங்கர் இலாபம் நாடிய வணிகர். ஆயினும் உழைப்பவரை விரட்டாமல் அவர் கையிலேயே இருக்கும் இயந்திரம் என்ற கருத்து சிந்திக்கத் தக்கது. அந்த இளைஞர்தான் பின்னர் 1947-இல் சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். 1930-களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் நிறுவனம் உஷா பொறிகளைச் செய்யத் தொடங்கியது. இன்று சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் தமிழக அரசு இலவசத் தையற்பொறி வழங்குகிறது.

கடைக்குச் செல்லும்போது

நீங்கள் தைக்கப் போகும் துணியையே கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு மடிப்பிலும் நான்கு மடிப்பிலும் தைத்துப் பாருங்கள். மேலேயும் கீழேயும் தையல் ஒன்றுபோல் இருக்கிறதா? கீழே மேல் நூல் கொத்தாகத் தொங்கினால், மேல் நூலைச் சரியாகக் கோத்து, அதன் இறுக்கத்தைத் திருத்திக் காட்டச் சொல்லுங்கள். துணியைக் கையால் இழுக்காமல் பற்களே நகர்த்துகின்றனவா என்று கவனியுங்கள். பாபினும் ஊசியும் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று கேளுங்கள். ஜாக்கெட்டும் குழந்தைச் சட்டையும் மட்டும் தைப்பவருக்கு இலேசான மின்பொறி போதும். பை, திரை, ஜீன்ஸ் தைப்பவருக்குக் கனத்த உடலுள்ள பொறியே ஏற்றது. நேர்த்தையல் நன்றாக விழாத பொறியில் நூறு பூத்தையல் இருந்தும் பயன் இல்லை.

எங்கள் பக்கத்தவர் இன்னும் ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சாரல் ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும். தோல் பெல்ட் நீண்டு வழுக்கும். எண்ணெய் விட்டுத் துடைத்து, மூடி வையுங்கள்.

அக்கா அந்தப் பொறியை நட்டத்துக்கு விற்றுவிட்டு, பழைய கால்மிதிப் பொறி ஒன்றை வாங்கினார். இம்முறை காடாத் துணியோடு கடைக்குப் போனார். இந்தச் சாரலில் குற்றாலக் கடை ஒன்றில் அவர் தைத்த பைகள் தொங்குகின்றன. கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன், தையல் அசையவில்லை.