மாஸியிலிருந்து மன்சிக்கு

அமெரிக்காவின் இண்டியானா போன்ற மாநிலங்களில் அக்டோபர் பிறந்துவிட்டால் தோட்டக்காரர்களுக்கு இருப்புக்கொள்ளாது. எந்த இரவில் உறைபனி விழும் என்று சொல்ல முடியாது. விழுந்தால் விடியும்போது தக்காளிச் செடிகள் கருகிச் சாய்ந்திருக்கும். அதற்கு முன்பே மிச்சத் தக்காளி, கேரட், பீன்ஸ், மக்காச்சோளம் எல்லாவற்றையும் பறித்து, நறுக்கிக் கொதிக்கவைத்து, கண்ணாடி ஜாடிகளில் அடைத்து நிலவறை அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். ஜனவரியில் பனி கொட்டும்போது ஒரு ஜாடியைத் திறந்து, நூடுல்ஸோ இறைச்சியோ சேர்த்துக் கொதிக்கவிட்டால் இரவுக்குச் சூப் தயார். அந்த ஜாடி அலமாரிக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

அது புறப்பட்ட இடம் பாரிஸை ஒட்டிய மாஸி. நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் அங்கே பட்டாணி, சூப், பால் என்று பலவற்றைத் தடித்த கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பி, தக்கையால் இறுக்கி, கம்பியால் கட்டி, கொதிநீரில் நெடுநேரம் வைத்துப் பார்த்தார். மாதக்கணக்கில் கெடவில்லை. செய்முறையை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. 1810இல் நூல் வந்தது. ஆனால் உணவு ஏன் கெடவில்லை என்பது யாருக்கும் விளங்கவில்லை. காற்றுப் புகாததுதான் காரணம் என்று அன்றைய அறிஞர்கள் எண்ணினார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளின் வேலையை பாஸ்டர் நிறுவியது அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான்.

தக்கையும் கம்பியும் வீட்டுச் சமையலறைக்குத் தோதானவை அல்ல. இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஜான் லாண்டிஸ் மேசன் என்ற தகர வேலைக்காரர். ஜாடியின் கழுத்திலேயே மரை வார்த்து, அதன்மேல் துத்தநாக மூடியைத் திருகி இறுக்கும்படி செய்தார். 1858 நவம்பர் 30 அன்று காப்புரிமை கிடைத்தது. 1879இல் அது காலாவதியானதும் ஆளாளுக்கு அந்த ஜாடியைச் செய்யத் தொடங்கினார்கள். மேசன் 1902இல் வறுமையில் இறந்தார். அமெரிக்காவில் இன்றும் அதை மேசன் ஜாடி என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.

அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தவர்களில் முக்கியமானவர்கள் பால் (Ball) சகோதரர்கள் ஐவர். பஃபலோ நகரில் ஜாடி செய்துகொண்டிருந்தவர்கள், இண்டியானாவில் இயற்கை எரிவாயு கிடைத்த செய்தியறிந்து 1887இல் மன்சி என்ற ஊருக்கு மாறினார்கள். கண்ணாடி உலைக்கு எரிபொருள்தானே உயிர். 1915இல் அலெக்சாண்டர் கெர் என்பவர் மூடியை இரண்டாகப் பிரித்தார்: ஓரத்தில் பசைப்பூச்சுள்ள தட்டை மூடி ஒன்று, அதைப் பிடித்துக்கொள்ள மரை வளையம் ஒன்று. ஜாடி ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடியின் நடுப்பகுதி டக்கென்று உள்வாங்கும். மறுநாள் விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். மேலெழும்பி வந்தால் அது சரியாக அடைபடவில்லை.

மூடி சரியாக அடைபட்டிருந்தாலும் ஆபத்து உள்ளே இருக்கலாம். மண்ணோடு வரும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள், நீர் கொதிக்கும் 100 டிகிரி செல்சியஸிலும் பிழைத்துக்கொள்ளும். காற்றில்லாத ஜாடிக்குள் முளைத்து, நரம்புகளை முடக்கும் கொடிய நச்சை உண்டாக்கும். நிறத்திலும் மணத்திலும் எதுவும் தெரியாமல் போகலாம். பழம், ஊறுகாய் போலப் புளிப்புள்ளவற்றில், அதாவது pH 4.6 அல்லது அதற்குக் கீழே, அது வளராது. கேரட், பீன்ஸ், சோளத்தில் அந்தப் புளிப்பு இல்லை. அவற்றைக் காக்க 116 டிகிரி வெப்பம் வேண்டும். அழுத்தத்தில் அடைபட்ட நீராவியில்தான் அது கிடைக்கும். 1890களில் பிரெஸ்காட், அண்டர்வுட் என்ற இருவர் வெப்பத்துக்கு மசியாத வித்துகளைப் பற்றி ஆராய்ந்து வழி காட்டினார்கள். புளிப்பில்லாத உணவுக்கு அழுத்த முறையே பாதுகாப்பானது என்று அமெரிக்க வேளாண்மைத் துறை 1917இல் அறிவித்தது.

ஒரு சூப் ஜாடி அடைபடும் விதம் இதுதான். காய்களை நீரிலோ தக்காளிச் சாற்றிலோ ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஜாடியில் பாதிக்குக் காயும் மீதிக்குச் சாறுமாக ஊற்றுகிறார்கள். மேலே ஓர் அங்குலம் காலியாக விடுகிறார்கள். கேனர் எனப்படும் பெரிய அழுத்தப் பாத்திரத்தில் அடுக்கி, பத்து நிமிடம் நீராவியை வெளியே விட்ட பின்பே எடைக்கல்லை வைக்கிறார்கள். தங்கிய காற்று வெப்பத்தைக் குறைத்துவிடும் என்பதால் இந்தப் பத்து நிமிடம். பிறகு 10 பவுண்ட் அழுத்தத்தில் அரை லிட்டர் அளவுள்ள பைன்ட் ஜாடிக்கு 60 நிமிடம், அதைப்போல் இருமடங்கான குவார்ட் ஜாடிக்கு 75 நிமிடம். கடல்மட்டத்திலிருந்து 1,000 அடிக்கு மேலான ஊர் என்றால் 15 பவுண்ட். மாவு, அரிசி, நூடுல்ஸ், பால் எதையும் உள்ளே போடக் கூடாது. குழம்பு கெட்டியானால் வெப்பம் ஜாடியின் நடுவுக்குப் போய்ச் சேராது. ஜாடியைத் திறக்கும் நாளில்தான் அவை சேரும்.

இந்த எண்கள் எதுவும் கைப்பக்குவத்தில் வந்தவை அல்ல; சோதித்து எழுதியவை. அதனால்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் கொல்லைத் தோட்டம் போடும் நம்மவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுபோன குக்கரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சிறிய குக்கர் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும். மேலே சொன்ன நிமிடங்களோ, குறைந்தது நான்கு குவார்ட் ஜாடி கொள்ளும் கேனர் மெல்லச் சூடேறி மெல்ல ஆறுவதையும் சேர்த்துக் கணக்கிட்டவை. எத்தனை விசில் வந்தாலும் அது ஈடாகாது. பருப்புக் கரைத்த சாம்பாரையும் ஜாடியில் அடைக்க வேண்டாம். கேனர் இல்லையென்றால் வேகவைத்த காயைச் சாறோடு ஃப்ரீசரில் வையுங்கள். ஜனவரியில் அதுவும் நல்ல சூப்தான்.