சுரங்கத்தின் நுரையீரல்: ‘முன்கூட்டியே கண்டறிதல்’ பற்றிச் சில குறிப்புகள்

‘முன்கூட்டியே கண்டறிந்தால் குணப்படுத்தலாம்’ என்கிறது புற்றுநோய் விழிப்புணர்வுப் பிரச்சாரம். இது பொய்யில்லை. நுரையீரல் புற்று ஒரே இடத்தில் சிறு கட்டியாக இருக்கும்போது பிடிபட்டால் அறுத்து எடுத்துவிடலாம். பரவிவிட்டால் அது பெரும்பாலும் முடிவதில்லை. ஆனால் இந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. யார் கண்டறிவது? யாரிடம் சொல்வது? இதைக் கேட்காதவரை பொறுப்பு முழுக்க நோயாளியின் தலையில் விழுகிறது: ‘நீ ஏன் முன்னாடியே வரல?’ இந்த நோயின் சுரங்க வரலாற்றைப் படித்தால் கேள்வி வேறு பக்கம் திரும்பும்.

ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் இடையில் இருப்பது எர்ட்ஸ்கெபிர்கே மலைத்தொடர். அதன் ஒரு பக்கம் ஷ்னீபெர்க், மறுபக்கம் யோவாகிம்ஸ்தால். இரண்டும் வெள்ளிச் சுரங்க ஊர்கள். யோவாகிம்ஸ்தாலில் அடித்த நாணயம்தான் தாலர். அதுவே திரிந்து டாலர் ஆனது. அந்த ஊரில் 1527 முதல் சில வருஷங்கள் மருத்துவராக இருந்தவர் அக்ரிகோலா. அவர் இறந்த மறுவருஷம், 1556இல், வெளிவந்த அவருடைய சுரங்கவியல் நூல் கார்ப்பாத்திய மலைச் சுரங்கங்களைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறது: அங்கே ஏழு கணவர்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்த பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் க்ஷயம் போன்ற ஒன்றில் போனவர்கள். சுரங்கத் தொழிலாளரின் நோய்கள் பற்றி பாராசெல்சஸ் எழுதிய தனி நூல் 1567இல் அச்சானது. ஆக, கண்டறிதல் அப்போதே நடந்துவிட்டது. மருத்துவருக்கும் முன்னால் கண்டவர்கள் அந்த ஏழு முறை தாலியறுத்த பெண்கள்.

பெயர் வைக்க முந்நூறு வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. 1879இல் ஹெர்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரு மருத்துவர்கள், ஷ்னீபெர்க் தொழிலாளரைக் கொல்வது க்ஷயமல்ல, நுரையீரலில் வளரும் புற்று என்று காட்டினார்கள். தொழிலாளர் சாவில் ஏறத்தாழ 75 சதவீதம் அதனால்தான். சிகரெட் பரவலாகாத காலம் அது. காரணம் தாதுவிலிருக்கும் ஆர்சனிக் என்று அவர்கள் நினைத்தார்கள். 1898இல் கியூரி தம்பதி யோவாகிம்ஸ்தால் தாதுவிலிருந்துதான் ரேடியத்தைக் கண்டார்கள். ரேடியம் சிதைந்து ரேடான் வாயுவாகிறது. ரேடான் சிதைந்து வரும் துகள்கள் தூசியில் ஒட்டி மூச்சோடு உள்ளே போய், அங்கேயே ஆல்பா கதிரை வீசி நுரையீரல் செல்களைக் கெடுக்கின்றன. இந்தச் சந்தேகம் 1920களிலேயே எழுந்தது. 1925இல் ஜெர்மன் அரசு ‘ஷ்னீபெர்க் நுரையீரல் நோய்’ என்பதைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ரேடானுக்கு மருந்து வேண்டியதில்லை. சுரங்கத்துக்குள் நல்ல காற்றை அடித்துச் செலுத்தினால் அளவு வெகுவாகக் குறையும். செலவு மட்டும்தான் பிரச்சினை.

அப்புறம் அணுகுண்டு வந்தது. வெள்ளிக்கு வெட்டிய மலையை யுரேனியத்துக்காக மறுபடி வெட்டினார்கள். கிழக்கு ஜெர்மனியில் சோவியத் யூனியனுக்காக 1946 முதல் 1990 வரை இயங்கிய விஸ்முட் சுரங்கங்களில், தொழில்நோய் என்று ஏற்கப்பட்ட நுரையீரல் புற்று மட்டும் ஐயாயிரத்துக்கு மேல். எதிர் முகாமிலும் இதே கதைதான். அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் நவாஹோ பழங்குடியினர் வெட்டினார்கள், வாங்கியது அரசு. பொதுச் சுகாதாரத் துறை 1950இல் இந்தத் தொழிலாளர்களை ஆய்வு செய்யத் தொடங்கியது. உடம்பைச் சோதித்தார்கள், ஆபத்து என்ன என்று மட்டும் சொல்லவில்லை. கம்பெனிகள் உள்ளே விடுவதற்கு அந்த மௌனம்தான் விலை. சுரங்க ரேடானுக்கு மத்திய அரசு வரம்பு கட்டியது 1967இல். ஷிப்ராக் மருத்துவமனையில் 1965க்கும் 1979க்கும் இடையே நுரையீரல் புற்றோடு சேர்ந்த நவாஹோ ஆண்கள் 17 பேரில் 16 பேர் யுரேனியச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். புகைப்பழக்கம் அவர்களிடம் குறைவு. மன்னிப்பும் நஷ்டஈடும் 1990 சட்டத்தில் வந்தன. அந்தச் சட்டம் 2024இல் காலாவதியாகி, 2025இல் மறுபடி உயிர்பெற்றது.

இந்தக் கதையில் இன்னொரு விஷயமும் உண்டு. கொலராடோவில் சக்கமானோ என்ற நோயியல் மருத்துவர் யுரேனியத் தொழிலாளரின் சளியை வருஷக்கணக்கில் சேகரித்தார். நல்ல செல் படிப்படியாகத் திரிந்து புற்றாவதை அந்தச் சளியில்தான் உலகம் பார்க்கக் கற்றது. சளிச் சோதனையும் எக்ஸ்ரேயும் சாவைக் குறைக்கவில்லை என்று 1970களில் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் சாவைச் சுமார் 20 சதவீதம் குறைக்கிறது என்று 53,454 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2011இல் காட்டியது. நல்ல விஷயம். ஆனால் அந்த நாட்டின் 2021 பரிந்துரைப்படி, இந்த ஸ்கேன் 50 முதல் 80 வயதுக்குள், நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் 20 வருஷம் புகைத்த கணக்குள்ளவர்களுக்குத்தான். விட்டிருந்தால் 15 வருஷத்துக்குள் விட்டிருக்க வேண்டும். சிகரெட்டைத் தொடாத சுரங்கத் தொழிலாளி இந்தக் கணக்கில் இல்லை. யாருடைய சளியில் பாடம் படித்தார்களோ, அவர்களுக்கு இந்த வாசல் திறக்கவில்லை.

இதைச் சொல்வது சிகரெட் கம்பெனிகளைத் தப்பவிடுவதற்கு அல்ல. இந்த நோய்க்கு முதல் காரணம் புகையிலைதான். 1950இலேயே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆய்வுகள் அதைச் சொல்லிவிட்டன. ரேடானும் புகையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் பல மடங்கு. ஆனால் ‘புகைத்தாயா?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு நிறுத்துகிற மருத்துவம், ‘எங்கே வேலை செய்தாய், எதைச் சுவாசித்தாய்?’ என்ற கேள்வியை மறந்துவிடுகிறது. நம்ம ஊரிலும் அக்ரிகோலா காலத்துக் குழப்பம் தீரவில்லை. க்ஷயம் என்று மாதக்கணக்கில் மருந்து தின்ற பிறகு புற்று என்று தெரியவருகிறவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். மூன்று வாரம் தாண்டிய இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாத மெலிவு, க்ஷய மருந்துக்கு அடங்காத நிழல் — இவற்றோடு போகிறவர் சளிச் சோதனை முடிவையும், தேவையென்றால் ஸ்கேனும் சதைச் சோதனையும் கேட்டு வாங்க வேண்டும். தொழிலைக் கேட்காத மருத்துவரிடம் தானாகவே சொல்ல வேண்டும்.

இது தனி மனிதர் செய்ய வேண்டியது. தொழிற்சங்கம் செய்ய வேண்டியது வேறு. நுரையீரல் புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால் உடம்பில் தேடுவதற்கு முன்னால் காற்றில் தேட வேண்டும்: வேலையிடத்துக் காற்றை அளந்து, அந்தக் கணக்கை வேலை செய்கிறவர்கள் கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நவாஹோ தொழிலாளரிடம் எல்லாவற்றையும் அளந்தார்கள். அந்தக் கணக்கைத்தான் அவர்களிடம் காட்டவில்லை.