தேடாமலே "இல்லை" என்று சொன்ன கதை: மேட் கவ் நோயும் அதன் பரிசோதனையும்

1) 2003 டிசம்பர் 9. அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துல ஒரு கறவை மாட்டை அறுக்குறாங்க. மூளையில இருந்து கொஞ்சம் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புறாங்க. டிசம்பர் 23ம் தேதி அரசு அறிவிக்குது: மேட் கவ் நோய். அமெரிக்க மண்ணுல கண்டுபிடிக்கப்பட்ட முதல் கேஸ் அதுதான்.

2) நடுவுல 14 நாள் போயிடுச்சு. கறியும் போயிடுச்சு. அந்த மாட்டோட கறி, கூட அறுத்த மாடுகளோட கறி எல்லாம் சேர்த்து சுமார் 4,700 கிலோவைத் திரும்பக் கொடுங்கன்னு கேட்டாங்க. அந்த வருஷம் அமெரிக்காவுல அறுக்கப்பட்ட மாடுகள் சுமார் 3.5 கோடி. மேட் கவ் டெஸ்ட் பண்ணப்பட்டவை சுமார் 20 ஆயிரம். ஏறக்குறைய 1,700 மாட்டுக்கு ஒண்ணு. அதுவரைக்கும் "எங்க நாட்டுல இந்த நோய் இல்லை"ன்னு சொல்லிட்டு இருந்தது இந்த டெஸ்ட்டை வச்சுத்தான்.

3) ஒரு அரசாங்கம் "நோய் இல்லை"ன்னு சொன்னா, எவ்வளவு தேடிட்டு அப்படிச் சொல்லுதுன்னு நாம ஏன் கேக்கணும்? இந்த த்ரெட் அதைப் பத்திதான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

4) முதல்ல நோய் என்னன்னு பார்த்துடுவோம். இதுக்குக் காரணம் வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. நம்ம மூளையில இயல்பாவே இருக்கிற ஒரு புரதம் தப்பா மடிஞ்சு போறதுதான் பிரச்சனை. தப்பா மடிஞ்ச புரதம் பக்கத்துல இருக்கிற நல்ல புரதத்தையும் தன்னை மாதிரியே மடிக்க வைக்கும். இப்படியே பரவி மூளை பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா ஆகிடும். இதுக்குப் பேர் பிரியான். 1982ல் இந்தப் பேரை வச்ச ஸ்டான்லி புரூசினருக்கு 1997ல் நோபல் பரிசு கிடைச்சது.

5) சமைச்சா பிரியான் அழியாது. உடம்பு இதை எதிரியாவே பார்க்காது, அதனால ஆன்டிபாடி உருவாகாது. காய்ச்சல் வராது. ரத்தத்துல சுலபமா கண்டுபிடிக்கவும் முடியாது. மாட்டுக்குள்ள போனா நோய் வெளிய தெரிய சராசரியா 4-5 வருஷம் ஆகும். இந்த 4-5 வருஷத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

6) பரவினது எப்படி? மாடு புல் தின்னும் பிராணி. ஆனா இங்கிலாந்துல அறுப்புக்கூடத்துக் கழிவை (எலும்பு, குடல், மூளை எல்லாம்) வேகவச்சு, பொடியாக்கி, புரதச்சத்துக்காக மாட்டுத் தீவனத்துல கலந்தாங்க. அதாவது மாட்டுக்கே மாட்டைத் தீனியா போட்டாங்க. நோய் வந்த ஒரு மாடு பொடியாகி நூத்துக்கணக்கான கன்னுக்குட்டிகளோட தொட்டிக்குப் போச்சு.

7) 1986 நவம்பர்ல இங்கிலாந்தின் வேபிரிட்ஜ் ஆய்வுக்கூடம் இதை ஒரு புது நோய்னு அடையாளம் கண்டது. 1988 ஜூலையில அந்தத் தீவனத்துக்குத் தடை. 1989 பிப்ரவரியில சவுத்வுட் கமிட்டி அறிக்கை வந்தது: மனிதர்களுக்கு ஆபத்து வர்ற வாய்ப்பு மிகக் குறைவு. அதே அறிக்கையில இன்னொரு வரியும் இருந்தது: எங்க கணிப்பு தப்பா இருந்தா விளைவு மிகக் கடுமையா இருக்கும். முதல் வரி மேடைக்கு மேடை பேசப்பட்டது. ரெண்டாவது வரியைப் பெரும்பாலும் மறந்துட்டாங்க.

8) 1990 மே மாசம் விவசாய அமைச்சர் ஜான் கம்மர் டிவி கேமரா முன்னாடி தன்னோட 4 வயசு மகளுக்கு பர்கர் கொடுத்தார். "பயப்படாதீங்க, சாப்பிடுங்க"ன்னு மக்களுக்குச் சொல்றதுக்காக. அப்போ அறுப்புக்கூடத்துக்கு வர்ற மாட்டைக் கண்ணால பார்த்துத்தான் நோய் இருக்கா இல்லையான்னு முடிவு பண்ணாங்க. தள்ளாடுதா? மிரளுதா? இல்லைன்னா ஓகே.

9) இங்க இன்னொரு சிக்கல். நோய் மாட்டைக் காட்டிக் கொடுத்தா விவசாயிக்கு முதல்ல கிடைச்ச நஷ்டஈடு பாதி விலைதான். முழு விலையா மாத்தினது 1990 பிப்ரவரியில. நடுவுல இருந்த காலத்துல, லேசா தள்ளாடுற மாட்டை வாயைத் திறக்காம சந்தைக்கு ஓட்டிட்டுப் போக அரசே காரணம் கொடுத்துடுச்சுன்னு விமர்சனம் வந்தது. நோயைச் சொல்றவனுக்கு நஷ்டம்னா நோய்க் கணக்கு சரியா வராது. எந்த நோயா இருந்தாலும் இதுதான் விதி.

10) 1992ல் மட்டும் அங்க 37 ஆயிரத்துக்கும் மேல மாடுகளுக்கு நோய் உறுதியாச்சு. 1996 மார்ச் 20ம் தேதி சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்துல எழுந்து சொன்னார்: 10 பேருக்குப் புது வகை மூளை நோய் வந்திருக்கு, மாட்டுக்கறியோட தொடர்பு இருக்கலாம். இளவயசுக்காரங்க. முதல்ல மனச்சோர்வு, அப்புறம் தள்ளாட்டம், அப்புறம் நினைவு போகும், ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய மரணம். மருந்து கிடையாது. இங்கிலாந்துல மட்டும் இதுவரை 178 பேர் இறந்திருக்காங்க.

11) இனி டெஸ்ட் கதைக்கு வருவோம். 1990களின் கடைசியில அறுத்த மாட்டோட மூளைத்தண்டுல பண்ற விரைவு டெஸ்ட் வந்தது. சில மணி நேரத்துல ரிசல்ட். சுவிட்சர்லாந்து 1999ல் இதை வச்சு, தானா செத்த மாடுகளையும் அவசரமா அறுத்த மாடுகளையும் தேடித் தேடி டெஸ்ட் பண்ணுச்சு. கண்ணால பார்த்தப்போ தப்பிச்ச கேஸ்கள் வரிசையா வெளிய வந்தது.

12) ஜெர்மனி அதுவரைக்கும் "எங்க மாட்டுக்கு இந்த நோய் இல்லை"ன்னு உறுதியா சொல்லிட்டு இருந்தது. 2000 நவம்பர்ல டெஸ்ட் பண்ணப்போ அந்த நாட்டுலயே பிறந்த மாட்டுக்கு நோய். 2001 ஜனவரியில சுகாதார அமைச்சரும் விவசாய அமைச்சரும் ஒரே நாள்ல ராஜினாமா. ஐரோப்பிய ஒன்றியம் 30 மாசத்துக்கு மேற்பட்ட எல்லா மாட்டுக்கும் டெஸ்ட் கட்டாயம்னு சொன்ன 2001ம் வருஷத்துல ஜெர்மனியில மட்டும் 125 கேஸ். 2000ல் கிடைச்சது 7. ஒரே வருஷத்துல நோய் வெடிச்சுடலை. தேட ஆரம்பிச்சாங்க, கிடைச்சது.

13) ஜப்பான்ல 2001 செப்டம்பர்ல முதல் கேஸ். அந்த மாட்டை எரிச்சுட்டோம்னு முதல்ல சொன்னாங்க. அப்புறம்தான் அதைப் பொடியாக்கித் தீவனக் கிடங்குக்கு அனுப்பினது தெரிஞ்சது. மக்களுக்கு நம்பிக்கையே போச்சு. அக்டோபர் 18ல் இருந்து அறுக்கிற ஒவ்வொரு மாட்டுக்கும் டெஸ்ட்னு அறிவிச்சாங்க. வயசு வித்தியாசமே இல்லை.

14) இப்போ திரும்ப அமெரிக்கா. 2003 கேஸுக்கு அப்புறம் டெஸ்ட்டை அதிகப்படுத்தினாங்க. 2004 நவம்பர்ல டெக்சாஸ்ல ஒரு 12 வயசு மாடு. விரைவு டெஸ்ட்ல சந்தேகம். அடுத்த கட்ட டெஸ்ட் நெகட்டிவ். "நோய் இல்லை"ன்னு விவசாயத் துறை அறிவிச்சு ஃபைலை மூடிடுச்சு. அதே லேப் பரிசோதனை முயற்சியா பண்ணின இன்னொரு டெஸ்ட்ல சந்தேகப்படும்படி ரிசல்ட் வந்திருக்கு. அது மேல போகவே இல்லை.

15) ஏழு மாசம் கழிச்சு அந்தத் துறையோட தலைமைக் கண்காணிப்பு அதிகாரி ஃபிலிஸ் ஃபாங், அதே சாம்பிளை வெஸ்டர்ன் பிளாட்ங்கிற வேற முறையில திரும்பப் பண்ணச் சொன்னார். பாசிட்டிவ். இங்கிலாந்தின் வேபிரிட்ஜுக்கு அனுப்பினாங்க, அங்கயும் பாசிட்டிவ். 2005 ஜூன் 24 அன்னைக்கு அறிவிப்பு. அமெரிக்காவுலயே பிறந்து வளர்ந்த மாட்டுல முதல் கேஸ் இது. ஒரு அதிகாரி கேக்காம விட்டிருந்தா அந்த மாடு இன்னைக்கும் "நெகட்டிவ்" கணக்குலதான் இருந்திருக்கும். அதுக்கு அப்புறம், சந்தேகம் வந்தா ரெண்டு முறையிலயும் பார்க்கணும்னு விதியை மாத்தினாங்க.

16) இதைவிட விசித்திரமான கதை ஒண்ணு. கேன்சஸ் மாநிலத்துல கிரீக்ஸ்டோன் ஃபார்ம்ஸ்னு ஒரு கறி நிறுவனம். ஜப்பான் அமெரிக்கக் கறியை நிறுத்தினதால வியாபாரம் படுத்துடுச்சு. "நாங்க அறுக்கிற எல்லா மாட்டுக்கும் எங்க காசுலயே டெஸ்ட் பண்றோம், அனுமதி கொடுங்க"ன்னு 2004ல் கேட்டாங்க. ஒரு மாட்டுக்குச் சுமார் 20 டாலர் செலவு. விவசாயத் துறை முடியாதுன்னு சொல்லிடுச்சு. காட்டின சட்டம் 1913ல் போட்டது, கால்நடை மருந்து விற்பனையைக் கட்டுப்படுத்த வந்த சட்டம்!

17) நிறுவனம் கோர்ட்டுக்குப் போச்சு. 2007ல் ஜெயிச்சது. 2008 ஆகஸ்ட்ல மேல்முறையீட்டுல ரெண்டுக்கு ஒண்ணுன்னு தோத்தது. சொந்தக் காசுல டெஸ்ட் பண்றேன்னு சொன்னவனை அரசு தடுத்து ஜெயிச்ச கேஸ் இது.

18) அரசு சொன்ன காரணத்தையும் நியாயமா கேப்போம். அதுல மருத்துவ ரீதியா உண்மை இருக்கு. நோய் வெளிய தெரியறதுக்குச் சில மாசம் முன்னாடிதான் மூளையில பிரியான் டெஸ்ட்ல பிடிபடுற அளவுக்கு இருக்கும். அமெரிக்காவுல கறிக்காக அறுக்கிற மாடுகள்ல பெரும்பாலானதுக்கு 2 வயசுகூட ஆகியிருக்காது. முன்னாடி சொன்ன 4-5 வருஷக் கணக்கைப் போட்டுப் பாருங்க. தொற்று இருந்தாலும் நெகட்டிவ்னுதான் வரும். எச்ஐவி-ல விண்டோ பீரியட்னு சொல்வோம்ல, அதே சங்கதி. அப்படி ஒரு நெகட்டிவ்வை வச்சு "பாதுகாப்பானது"ன்னு லேபிள் ஒட்டினா அது மக்களை ஏமாத்துறது.

19) அதனால உண்மையில உயிரைக் காப்பாத்தினது டெஸ்ட் இல்லை. ரெண்டு நடவடிக்கைதான். ஒண்ணு, மாட்டுத் தீவனத்துல மாட்டுக் கழிவு கூடாது. ரெண்டு, மூளை, தண்டுவடம் மாதிரி பிரியான் சேருற பாகங்கள் மனுஷ உணவுக்குள்ள வரவே கூடாது. இங்கிலாந்துல நோய் இறங்கினது இப்படித்தான். எல்லா மாட்டையும் டெஸ்ட் பண்ணிட்டு இருந்த ஜப்பானும் கேஸ் குறைஞ்ச பிறகு, 2017ல் ஆரோக்கியமான மாடுகளுக்கு அதை நிறுத்திடுச்சு.

20) அப்போ டெஸ்ட் எதுக்கு? தீவனத் தடையை எல்லாரும் ஒழுங்கா கடைப்பிடிக்கிறாங்களான்னு தெரிஞ்சுக்க அது ஒரு முக்கியமான வழி. தெர்மாமீட்டர் காய்ச்சலைக் குணப்படுத்தாது. அதுக்காக தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டுட்டு "வார்டுல யாருக்கும் காய்ச்சல் இல்லை"ன்னு எழுத முடியுமா?

21) அமெரிக்கா 2004 ஜூன்ல இருந்து ரெண்டு வருஷத்துல 7 லட்சத்துக்கும் மேல டெஸ்ட் பண்ணுச்சு. கிடைச்சது 2 கேஸ். நோய் மிக அரிதுன்னு அப்போதான் ஆதாரத்தோட சொல்ல முடிஞ்சது. அது நல்ல வேலை, பாராட்டணும். ஆனா 2006ல் அதை வருஷத்துக்கு 40 ஆயிரமா குறைச்சாங்க. தென் கொரியாவுல 2008ல் அமெரிக்கக் கறி இறக்குமதியை எதிர்த்து லட்சக்கணக்கான பேர் மெழுகுவர்த்தியோட தெருவுக்கு வந்தாங்களே, அங்க பரவின பயத்துல மிகைப்படுத்தலும் நிறைய இருந்தது. ஆனா கேள்வி கேக்குறவனைக் கோர்ட்ல தடுத்த நாடு "எங்களை நம்புங்க"ன்னு சொன்னா எவன் நம்புவான்?

22) கறி விற்பனையை வளர்க்க வேண்டியதும் விவசாயத் துறை, கறியில நோய் இருக்கான்னு தேட வேண்டியதும் அதே துறை. இங்கிலாந்துலயும் இதே நிலைமைதான் இருந்தது. 2000ல் உணவுப் பாதுகாப்புக்குன்னு தனி அமைப்பை உருவாக்கினாங்க, அடுத்த வருஷமே பழைய விவசாய அமைச்சகத்தைக் கலைச்சாங்க. 178 உயிர் போன பாதையில கத்துக்கிட்ட பாடம் இது.

23) "நம்ம ஊருல பயப்படணுமா டாக்டர்?"னு கேப்பீங்க. உலக விலங்கு நல அமைப்பு 2010ல் இந்தியாவை இந்த நோய்க்கான ஆபத்து மிகக் குறைவான நாடுகள் பட்டியல்ல சேர்த்தது. பீதி தேவையில்லை.

24) ஆனா ஒரு பழக்கம் தேவை. எந்த நோயா இருந்தாலும் சரி, டெங்குவோ காலராவோ, "கேஸ் பூஜ்யம்"னு ஒரு செய்தி வந்தா மூணு கேள்வி கேளுங்க. எத்தனை பேருக்கு டெஸ்ட் பண்ணாங்க? நோய் இருக்க வாய்ப்புள்ளவங்களையா, இல்லாதவங்களையா பண்ணாங்க? ரிசல்ட் பாசிட்டிவ் வந்தா நஷ்டப்படுறவரே டெஸ்ட்டையும் பண்றாரா? மூணுக்கும் பதில் இருந்தா அந்தப் பூஜ்யத்தை நம்பலாம். பதில் இல்லைன்னா அது தேடாத பூஜ்யம், அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, ட்யூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.