தனிமை நாட்களில் தொலைந்த தூக்கம்

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பகுதிகளில் தோல் தொழிற்சாலைகளும் ஷூ கம்பெனிகளும் மூடப்பட்டன. வேலூருக்குச் சிகிச்சைக்கு வந்திருந்த வடமாநிலத்தவர் லாட்ஜ் அறைகளில் மாட்டிக்கொண்டார்கள். மே மாதம் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில் புறப்படும்வரை அவர்களுக்கு வழியில்லை. தொற்று கண்டவர்களோ வீட்டிலேயே ஓர் அறையில் தனித்திருந்தார்கள். காய்ச்சல் விட்ட பிறகும் பலருக்குத் தூக்கம் திரும்பவில்லை.

காரணம் பயம் மட்டுமல்ல. நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. காலை வெளிச்சம்தான் அதற்குச் சாவி கொடுக்கிறது. வேலை நேரமும் பள்ளிக்கூட நேரமும் அதைச் சரியாக ஓடவைக்கின்றன. அறைக்குள் அடைந்தால் இவை எல்லாமே போய்விடும். அந்த ரமலானில் பள்ளிவாசல்களும் மூடியிருந்தன. ஸஹர்வரை மொபைல், லுஹர்வரை உறக்கம் என்று எத்தனை வீடுகளில் இரவு பகலானது!

முதலில் எழும் நேரத்தைப் பிடிக்க வேண்டும், தூங்கும் நேரம் பின்னால் தானாக வரும். ஃபஜ்ர் தொழுகை நமக்கு அந்த நேரத்தைத் தருகிறது. தொழுதபின் போர்வைக்குள் திரும்பாமல், வெளிச்சம் வந்ததும் ஜன்னலோரம் அரைமணி நேரம் உட்காருங்கள். பகல் தூக்கம் அரைமணிக்கு மேல் வேண்டாம். அஸருக்குப் பின் டீயும் வேண்டாம் (நம் ஊரில் இதுதான் கஷ்டம்). படுத்துத் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது படுங்கள். இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை நாம் அறிவோம். நள்ளிரவு வாட்ஸ்அப் மரணக் கணக்கும் அதில் சேர்த்திதான்.

வீட்டாருக்கும் வேலை உண்டு. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடாமல், கதவுக்கு வெளியே பத்து நிமிடம் நின்று பேசுங்கள். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை அளிப்பது பல்லாண்டுப் பழக்கம்.

தூக்கமின்மை இரண்டு வாரம் தாண்டினாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது, அவரைத் தனியே விடவும் கூடாது. ஈமான் குறைவு என்று சொல்லி அவர் வாயை அடைக்காதீர்கள். மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். 2022 அக்டோபர் முதல் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம்.