பதினோராம் நம்பர் கூண்டும் மருமகனின் காத்துமானியும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் உப்பூர்னு முன்னாடியே கொசுவத்தி சுத்தியிருக்கேன், ஞாபகம் இருக்கா? ராமநாதபுரத்துல இருந்து தொண்டி போற கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி தாண்டினா வரும். வெயிலுகந்த விநாயகர் கோயில் ஊர். பேரிலேயே உப்பு இருப்பதால் எங்க வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்கும்னு யாரும் கேட்கக் கூடாது.

சதுர்த்தித் திருவிழாவுக்கு சிங்கப்பூரில் இருந்து தங்கச்சி மகனும் வந்திருந்தான். பையன் அங்கே நாலு நண்பர்களோடு சேர்ந்து பங்கு போட்டு ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கியிருக்கான். முப்பத்தி நாலு அடி. ஞாயித்துக்கிழமையானா கடல்ல கிடக்கான். வந்த அன்னைக்கே புலம்பல்தான். "மாமா, பாய்மர உச்சியில ஒரு வயர்லெஸ் காத்துமானி மாட்டினோம். அது எங்களைக் கவுத்திருச்சு மாமா."

விஷயம் இதுதான். சிங்கப்பூர் ஜலசந்தியில் விடியக்காலை திடீர்னு மேற்கே இருந்து ஒரு காத்து வரிசையா அடிச்சுக்கிட்டு வரும். அதுக்குப் பேரே 'சுமத்ரா'தான். ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் அடிக்கடி வரும். அன்னைக்கும் வந்துச்சு. இவங்க கீழே உட்கார்ந்து சின்னத் திரையைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க. திரையில் 9 நாட். காத்து ஏறி, படகு சாய்ஞ்ச பிறகும் 9 நாட்! உச்சியில் இருக்கிற பெட்டிக்கும் கீழே இருக்கிற திரைக்கும் தொடர்பு எப்பவோ அறுந்துபோச்சு. திரை கடைசியா வந்த எண்ணையே காட்டிக்கிட்டு நிக்குது. பாயைச் சுருக்க நேரம் இல்லை. பாயின் அடிக்கம்பு ஒரு வீச்சு வீசி, கூட இருந்த பையனுக்குத் தோள் எலும்பு முறிஞ்சது. (கம்பெனி பேர் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்.)

இதைக் கேட்டதில் இருந்து மண்டைக்குள்ள ஒரே குடைச்சல். காத்தை அளக்கிற கதை கொஞ்சம் தோண்டினா, அளக்கிறதுல வந்த தப்பை விட, அளந்ததைக் கீழே இருக்கிறவன்கிட்ட சேர்க்கிறதுல வந்த தப்புதான் ஆளைக் கொன்னிருக்கு. அதுல பெரிய சாவு எங்க பக்கத்துலதான் நடந்தது.

ஆரம்பத்துல கருவியே கிடையாது. பாய்தான் கருவி. 1806ல் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த பிரான்சிஸ் பியூபோர்ட், காத்துக்கு எண் கொடுத்து தன் நாட்குறிப்பில் எழுத ஆரம்பிச்சார். சைபர்னா அசைவே இல்லை. பன்னிரண்டுன்னா எந்தப் பாயும் தாங்காது. நடுவுல உள்ளதெல்லாம் ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய் விரிக்கலாம்ங்கிற கணக்கு. 1838ல் கடற்படை முழுக்க அதைக் கட்டாயம் ஆக்கினாங்க. வேகம் எத்தனைன்னு அதுல கிடையவே கிடையாது. அந்தக் கணக்கை 1906ல் பொருத்தி எழுதினவர் ஜார்ஜ் சிம்சன். அதே வருஷம் மனுஷன் சிம்லாவுக்கு வந்து நம்ம இந்திய வானிலைத் துறையில் வேலைக்குச் சேர்ந்துட்டார். (சும்மா ஒரு தகவல். எங்கேயாவது குவிஸ்ல உதவும்.)

எங்க கரையிலயும் அதே கதைதான். வாடை, கச்சான், கொண்டல், சோழகம்னு காத்துக்குப் பேர் உண்டு, எண் கிடையாது. தொண்டிப் பக்கம் திருவிழாக்கள்ல பாய்மரப் படகுப் போட்டி நடக்கும், பார்த்திருப்பீங்க. காத்து ஏறினா ஆட்கள் காத்து வர்ற பக்கமா வெளியே சாய்ஞ்சு தொங்குவாங்க. எத்தனை பேர் சாய்ஞ்சிருக்காங்களோ அதான் காத்துமானி.

1846ல் அயர்லாந்துக்காரர் ராபின்சன் நாலு அரைக்கோளக் கிண்ணங்களைக் குறுக்குக் கம்பியில் மாட்டிச் சுத்தவிட்டார். இன்னைக்கும் பாய்மர உச்சியில் சுத்துறது அதோட பேரன்தான், கிண்ணம் மூணா குறைஞ்சிருக்கு. ராபின்சன் ஒரு கணக்கு சொன்னார்: கிண்ணம் எந்த அளவா இருந்தாலும் சரி, காத்து அதைப் போல மூணு மடங்கு வேகத்துல போகுதுன்னு. எல்லாரும் நம்பிட்டாங்க. அந்த மூணு தப்புன்னு உறுதியாக ஒரு பாலமே விழ வேண்டியிருந்தது.

1879 டிசம்பர் 28, ஞாயித்துக்கிழமை ராத்திரி. ஸ்காட்லாந்தில் டே பாலம் புயல்ல சரிஞ்சு விழுந்தது, மேலே போய்க்கிட்டிருந்த ரயிலோடு. ஒருத்தர் கூடப் பிழைக்கலை. பாலத்துல காத்துமானி கிடையாது. காத்து எவ்வளவுன்னு சாட்சி சொன்னவங்கள்ல ஒருத்தர், ஆத்துல நங்கூரம் போட்டிருந்த மார்ஸ் என்ற பயிற்சிக் கப்பலின் கேப்டன். பியூபோர்ட் கணக்குல 10லிருந்து 11ன்னார். மறுபடியும் மாலுமியோட கண்ணுதான் கருவி! இன்னொண்ணு கேளுங்க. ரயில் பாலத்துல ஏறினதும் தென்கரை சிக்னல்காரர் எதிர்க்கரைக்குத் தந்திக் கருவியில கூப்பிட்டுப் பார்க்கிறார். சத்தமே இல்லை. கம்பி அந்தப் பாலத்து மேலேயேதான் போச்சு. பாலம் போனப்ப, பாலம் போச்சுன்னு சொல்ல வேண்டிய கம்பியும் சேர்ந்து போயிருச்சு.

அதுக்கப்புறம்தான் வில்லியம் டைன்ஸ்னு ஒருத்தர் இதைச் சோதிக்க உட்கார்ந்தார். ராபின்சனோட மூணு ரொம்ப அதிகம்னு நிரூபிச்சார். 1892ல் காத்தின் அழுத்தத்தைக் குழாய் வழியா அளக்கிற கருவியும் செஞ்சார். குழாய் உச்சியில், பதிவு கீழே. தகவல் காத்தாவே கீழே இறங்கி வரும். எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிக்கும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காத்துமானி வெச்சு அதை சிக்னலோடு இணைச்சிருந்தாங்க. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா சிக்னல் தானா சிவப்பு ஆயிரும், வண்டி நிக்கும். பியூபோர்ட் கணக்குல ஏழு. எங்க பக்கத்து ஆளுங்க ராமேஸ்வரம் வண்டி மண்டபத்துல நின்னா அலுத்துக்க மாட்டாங்க, "காத்து ஜாஸ்திப்பா"ன்னுட்டு இறங்கி டீ குடிப்பாங்க.

ஆனா 1964 டிசம்பர் 22 ராத்திரி கிளம்பின 653ஆம் நம்பர் பாசஞ்சர் அந்தப் பாலத்துல ஏறவே இல்லை. நிறையப் பேர் இதைப் பாலத்தோடு சேர்த்துக் குழப்பிக்கிறாங்க. அது பாம்பன் தீவுக்குள்ளேயே, பாம்பன்ல இருந்து தனுஷ்கோடிக்குப் போற வண்டி. 11.55க்குக் கிளம்புச்சு. 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள் என்பது கணக்கு. டிக்கெட் எடுக்காதவங்க எத்தனை பேரோ. தனுஷ்கோடிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது சிக்னல் எரியலை, டிரைவர் நிறுத்தி விசில் அடிச்சுப் பார்த்தார், பதில் வரலை, கடைசியில் மெதுவா நகர்த்தினார்னுதான் எங்க பக்கம் சொல்வாங்க. அலை மொத்த வண்டியையும் கொண்டுபோச்சு.

எரியாத சிக்னலும் சிவப்புதான். அது ரயில்வேயோட பால பாடம். டிரைவருக்குத் தெரியாம இருக்காது. ஆனா நடுராத்திரி, கும்மிருட்டு, ரெண்டு பக்கமும் கடல், பின்னால நூத்துக்கும் மேலே ஜனம். அங்கே நிக்கிறதும் ஆபத்து, போறதும் ஆபத்து. வீட்டுல உட்கார்ந்து எழுதுறவன் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை.

தந்தி, டெலிபோன் எல்லாம் செத்துப்போச்சு. மண்டபத்துல இருந்த கடல்துறை அதிகாரி சொன்ன தகவலை வெச்சு ரயில்வே தலைமையகம் அறிவிப்பு விட்டபோது 48 மணி நேரம் ஓடியிருந்தது. அந்தக் காத்து மணிக்கு 280 கிலோமீட்டர்னு எல்லாரும் எழுதுறாங்க. அது ஊகக் கணக்கு. அந்த ராத்திரி தனுஷ்கோடியில எது நின்னு அளக்கும்?

பாம்பன் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துவாங்க, தெரியும். 1864ல் கல்கத்தாவைப் புயல் அழிச்ச பிறகு, 1865ல் அந்தத் துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை வந்து, அப்புறம் மத்த துறைமுகங்களுக்கும் பரவின ஏற்பாடு இது. பகல்ல கூடை மாதிரி கறுப்பு உருவங்கள், ராத்திரி சிவப்பு வெள்ளை விளக்கு. ஒண்ணாம் நம்பர், மூணாம் நம்பர்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க. பத்துதான் பெரிய அபாயம்னு நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். அதுக்கு மேலே பதினொண்ணு ஒண்ணு இருக்கு. அதுக்கு அர்த்தம்: வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துபோச்சு, நிலைமை மோசம்னு உள்ளூர் அதிகாரி நினைக்கிறார்.

தகவல் வரலைங்கிறதையே ஒரு தகவலாக்கி, பத்துக்கும் மேலே வெச்சிருக்காங்க பாருங்க! யார் மூளையில் உதிச்சதோ, அவருக்குக் கடல் தெரிஞ்சிருக்கணும். இதைப் படிச்சதும் மருமகன் திரைதான் ஞாபகம் வந்துச்சு. அங்கே காட்டியிருக்க வேண்டியது பதினொண்ணு. காட்டினது பழைய ஒன்பது.

சரி, அந்தப் பெட்டி ஏன் பேசாம போச்சு? உச்சிக்கும் கீழே இருக்கிற ஆளுக்கும் ஐம்பது அடி கூட இல்லை. பையன் விளக்கினான். முன்னாடி பாய்மரத்துக்குள்ள கம்பி இழுத்துக் கொண்டுவருவாங்க. கம்பி உள்ளே உரசித் தேயும், அடியில இருக்கிற இணைப்பில் உப்புத்தண்ணி ஏறிப் பச்சை பிடிக்கும், மரத்தைக் கழட்டும்போதெல்லாம் கம்பியையும் கழட்டணும். இந்த இம்சைக்காகத்தான் பிரிட்டன்ல டாக்டிக் மாதிரி கம்பெனிகள் சூரிய ஒளியில் ஓடுற வயர்லெஸ் கருவிகளைக் கொண்டுவந்தாங்க. கம்பி இம்சை போச்சு. பதிலுக்கு வந்தது பேட்டரி. உச்சியில் உள்ளங்கை அளவு சூரியத் தகடு, பொடிசா ஒரு பேட்டரி. அது சில வருஷத்துல கிழடு தட்டும். சக்தியை மிச்சம் பிடிக்க ரொம்ப மெலிசான குரல்லதான் பேசும். நடுவுல உலோகப் பாய்மரம் இருக்கு, நனைஞ்ச பாய் இருக்கு, படகுல ஆளாளுக்கு வைஃபை வேற. மேகம் மூடின ரெண்டு மூணு நாளுக்கு அப்புறம்தான் புயல் வரும், அப்பத்தான் பேட்டரியும் தீரும். கொடுமையைப் பாருங்க! இது போக, மேலே கடல் காக்கா உட்கார்ந்தா மொத்தமும் காலி. :-)

வயர்லெஸ்னா கேலி இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தப்போ குமரி, கேரளா ஆளுங்க ரொம்ப தூரத்துல ஆழ்கடல்ல இருந்தாங்க. படகுல இருந்த விஎச்எப் அவ்வளவு தூரம் எட்டாது. கரையில எச்சரிக்கை இருந்தது, படகுக்குப் போகலை. எத்தனை பேர் திரும்பலைன்னு அந்தக் கிராமங்களுக்குத்தான் தெரியும். 2019ல் ஜெமினின்னு ஒரு கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியா செய்தி வாங்கி மீனவர் கைபேசிக்கு புளூடூத்தில் அனுப்பும். ஆனா ஒருவழிப் பாதை. கரை பேசும், படகு பதில் சொல்ல முடியாது.

ஊர்ல இருந்து கிளம்புறதுக்கு முதல் நாள் மருமகனைக் கூட்டிக்கிட்டு மோர்ப்பண்ணைக் கரைக்குப் போனேன். அந்தக் காலத்துல பாய் வெச்ச வத்தை ஓட்டின பெரியவர் ஒருத்தர் வலை பிரிச்சுக்கிட்டு இருந்தார். பையன் கதையெல்லாம் சொன்னான். பொறுமையா கேட்டவர், "காத்து உங்க மேலதான தம்பி அடிக்குது. அதை எதுக்குப் பொட்டிக்குள்ள பாத்தீக?"ன்னார். பையன் முகத்தைப் பார்க்கணுமே. அப்புறம் அவரே, "மேல ஒரு துணி கட்டிருந்தீகளா?"ன்னு கேட்டார். இல்லை.

போன வாரம் சிங்கப்பூர்ல இருந்து ஒரு படம் அனுப்பியிருக்கான். பாய்மரத்தைத் தாங்குற பக்கக் கம்பியில் தாத்தாவோட பழைய வேட்டியைக் கிழிச்ச ஒரு துண்டு பறக்குது. கீழே திரையில எண்ணுக்குப் பதிலா மூணு கோடு. மென்பொருளை மாத்தினதுல, சிக்னல் போனா இப்போ எண் அழிஞ்சு கோடு வருதாம். படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: "மாமா, பதினொண்ணாம் நம்பர் ஏத்தியாச்சு."

டிஸ்கி: வேட்டியைக் கிழிச்ச விஷயம் தங்கச்சிக்கு இன்னும் தெரியாது.