சேர்க்கைப் பதிவேடும் தேர்ச்சிக் கணக்கும்

தேர்வு முடிவு வந்த மறுநாள் செங்கல்பட்டு மாவட்டம் எத்தனையாவது இடம் என்று பேப்பரைப் புரட்டுகிறோம். எழுதியவர் இத்தனை, பாஸ் இத்தனை. அவ்வளவுதான் கணக்கு. ஆறாம் வகுப்பில் சேர்ந்து பத்தாம் வகுப்புத் தேர்வுக்கூடம் வராமலே போனவர்கள் இதில் வருவதில்லை. திருக்கழுக்குன்றம் பக்கத்துச் சேரிகளில் நான் கேட்டறிந்த பள்ளிக்கூட வரலாறு முழுக்க அவர்களுடையதுதான்.

முதலில் உள்ளேயே விடவில்லை. சென்னை மாகாணத்தில் அரசுப் பணத்தில் நடந்த 8,157 பள்ளிகளில் பஞ்சமர் பிள்ளைகளைச் சேர்த்தவை 609 மட்டுமே என்பது 1919இல் அரசே ஒப்புக்கொண்ட கணக்கு. அக்ரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் பள்ளியை வைத்தால் சேரிப்பிள்ளை எந்த வழியாகப் போகும்?

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் நம் நிலைமையை அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை, 1893இல் பஞ்சமர் கல்வி ஆணை. நிலத்தை நாம் மறக்கவில்லை. அதைக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். கூடவே வந்த கல்வி ஆணையைத்தான் யாரும் பேசுவதில்லை.

மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தார். சுமார் நானூறு மாணவர்களில் பத்துப்பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள் என்று 1939இல் வந்த தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் எழுதுகிறார். சாதி தெரிந்துவிடுமோ என்று யாரோடும் பழகாமல், மணியடிக்கும்வரை வெளியிலேயே இருந்து படித்திருக்கிறார். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்த மனிதர் இவர்.

1920க்குப் பிறகு தொழிலாளர் துறை சேரிகளிலேயே பள்ளிகளைத் திறந்தது. பின்னால் அவையே ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயின. என் ஆயா கடைசிவரை 'லேபர் ஸ்கூலு' என்றுதான் சொன்னாள். அஞ்சாவது முடிந்தால் டவுனுக்கு நடக்கணும். நடுவில் கழனி வேலை இழுத்துக்கொள்ளும். மலைக்கு உச்சிவேளையில் வந்த இரண்டு கழுகுகளை ஒருநாள் விடாமல் எண்ணிய ஊர் இது. வகுப்புக்கு வராத பிள்ளையை எண்ண ஆளில்லை.

நான் படித்தது 2000களின் தொடக்கத்தில். அப்போது ஒன்பதாம் வகுப்பில் வடிகட்டினார்கள். "இவன் எழுதினா பர்சன்டேஜ் போயிடும்மா, டி.சி. வாங்கிக்கினு போய் எதனா தொழில் கத்துக்கச் சொல்லு" என்றார் வாத்தியார், என் கூட்டாளியின் அம்மாவிடம். அடுத்த வருசம் அவன் செங்கல் சூளையில் கல் அறுத்தான். பள்ளி வாசலில் நூறு சதம் தேர்ச்சி என்று பேனர்.

நலப்பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம் என்று 2024இல் நீதிபதி சந்துரு அறிக்கை கொடுத்தார். நல்லது, பலகையை மாற்றட்டும். நான் கேட்பது வேறே. ஒவ்வொரு பள்ளியிலும் ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டையும், நாலு வருசம் கழித்து அதே பிள்ளைகளுக்கு வந்த ஹால் டிக்கெட் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கணும், ஆதிதிராவிடர் எத்தனை என்று தனியாகப் பிரித்து. 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டினால் போதும். இந்த வட்டத்துப் பள்ளிகளுக்கு மனு எழுத ஆள் வேண்டும் தோழர்களே.