எலுமிச்சைப் பானங்கள்: பொதுக் கிண்ணத்திலிருந்து ஒற்றைக் குவளை வரை

எலுமிச்சைச் சாறு, இனிப்பு, நீர் ஆகிய மூன்றையும் கலந்து கோடையில் அருந்தும் பானங்கள் உலகின் பல பகுதிகளில் உள்ளன. நம் ஊர் எலுமிச்சைச் சாறு, பானகம், நன்னாரி சர்பத், லெமன் சோடா ஆகியவை மது கலவாதவை. பஞ்ச், கிராக், டைக்கிரி, கிம்லெட் ஆகியவை மது கலந்தவை. இவ்விரு வகைகளும் தனித்தனியாகத் தோன்றியவை அல்ல. ஒரே பழமும் ஒரே கடல்வழியும் இவற்றை இணைக்கின்றன. அந்த வரலாற்றின் ஒரு பகுதியே இக்கட்டுரை.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் கடைகளில் "லெமன்" என்று கேட்டு வாங்கும் சிறிய, உருண்டையான, மெல்லிய தோலுடைய பழம் ஆங்கிலத்தில் லைம் எனப்படும். புளியங்குடிச் சந்தையில் மூட்டை மூட்டையாக ஏலம் போவதும் இதுவே. ஐரோப்பியர் லெமன் என்பது நீள்வட்ட வடிவில், தடித்த மஞ்சள் தோலுடன், அளவில் பெரிதாக இருக்கும் வேறொரு பழம். தமிழில் இரண்டையும் எலுமிச்சை என்றே எழுதிவிடுகிறோம். இக்கட்டுரையில் நம் பழத்தை லைம் என்றும் மற்றதை லெமன் என்றும் குறிப்பிடுகிறேன். இவ்வேறுபாடு ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும் கப்பல் கதையில் விளங்கும்.

சர்பத்தும் ஷராபும்

அரபு மொழியில் "குடித்தல்" என்ற பொருளுடைய ஒரு வேர்ச்சொல் உண்டு. சர்பத், சிரப் ஆகிய சொற்கள் அதிலிருந்து வந்தவை. குளிர வைத்த இனிப்பைக் குறிக்கும் சோர்பே என்ற பிரெஞ்சுச் சொல்லும், பழச்சாற்றுடன் மதுவைக் கலந்த ஷ்ரப் என்ற ஆங்கிலப் பானத்தின் பெயரும் அவ்வேரின் கிளைகளே. இந்தி, உருது மொழிகளில் மதுவைக் குறிக்கும் ஷராப் என்ற சொல்லும் அங்கிருந்தே வந்தது. மது விலக்கப்பட்டவர் குடிக்கும் சர்பத்துக்கும் அவருக்கு விலக்கப்பட்ட ஷராபுக்கும் வேர் ஒன்றுதான்.

முகலாயர் அரண்மனைகளில் சர்பத் சிறப்பான இடம் பெற்றிருந்தது. வெடியுப்பைக் கரைத்த நீரில் பாத்திரத்தை வைத்துச் சுழற்றிக் குடிநீரைக் குளிரவைக்கும் முறையை அபுல் ஃபசல் ஐன்-இ-அக்பரியில் விவரித்துள்ளார். வெடியுப்பு கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். வேதியியல் படிக்கும் மாணவர்கள் இதனை வெப்பம் கொள் வினைக்கு எடுத்துக்காட்டாக நினைவில் வைக்கலாம். துப்பாக்கி மருந்துக்கான உப்பே சர்பத்தையும் குளிர்வித்தது.

பஞ்ச்

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலக் கம்பெனி ஊழியர்களுக்குத் தம் நாட்டு பீரும் ஒயினும் எளிதில் கிடைக்கவில்லை. கப்பலில் வந்தவையும் வெப்பத்தில் கெட்டன. இங்கே கிடைத்தது கள்ளைக் காய்ச்சி வடித்த சாராயம். தனியே குடிக்கக் கடுமையாக இருந்த அதனை லைம் சாறும் சர்க்கரையும் நீரும் சேர்த்துப் பதப்படுத்தினர். பஞ்ச் என்ற பெயர் 1632ஆம் ஆண்டிலேயே கம்பெனி ஊழியர் ராபர்ட் ஆடம்ஸ் இந்தியாவிலிருந்து எழுதிய கடிதத்தில் வந்துவிட்டது. 1638இல் சூரத்துக்கு வந்த ஜெர்மானியப் பயணி மாண்டெல்ஸ்லோ, மதுவுடன் பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை சேர்ந்த ஒரு பானத்தைக் குறித்துள்ளார். பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே வங்காளத்தில் கண்ட கலவையில் சாதிக்காயும் இருந்தது. அது உடலுக்குக் கெடுதல் என்பதையும் அவர் எழுதத் தவறவில்லை.

பெயர்க் காரணம் சொன்னவர் 1670களில் இந்தியாவில் இருந்த ஆங்கில மருத்துவர் ஜான் ஃபிரையர். இந்துஸ்தானியில் "பாஞ்ச்" என்றால் ஐந்து, பானத்தில் சேர்பவையும் ஐந்து, அதனால் பஞ்ச் என்றார். நம் பஞ்சாமிர்தத்தை அறிந்த எவருக்கும் இது உடனே பிடித்துப்போகும். ஆனால் மாண்டெல்ஸ்லோவும் பெர்னியேவும் தரும் பட்டியல்களில் ஐந்து பொருள்கள் முழுமையாக இல்லை. பஞ்சன் என்ற மது பீப்பாயின் பெயரே சுருங்கியது என்று வாதிடுவோரும் உண்டு. ஃபிரையரின் விளக்கம் நடைமுறையில் நிலைத்துவிட்டது என்பதற்கு மேல் அதற்கு வலுக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

சாராயத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது லைம் சாறு, சர்க்கரை, நீர், நறுமணப் பொருள். இராம நவமிக்கு நம் ஊர்களில் நீர்மோருடன் கொடுக்கும் பானகமும் ஏறத்தாழ இதுவே: வெல்லம், எலுமிச்சைச் சாறு, நீர், சுக்கு, ஏலக்காய். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று இதைக்கொண்டு முடிவுகட்டக் கூடாது. வெயில் மிகுந்த நாட்டில் புளிப்பும் இனிப்பும் கையில் இருந்தால் யாரும் செய்யக்கூடிய கலவை இது.

பஞ்ச் ஒருவர் குடிக்கும் பானமாக இருக்கவில்லை. பெரிய கிண்ணத்தில் கலக்கி, நடுவில் வைத்து, சுற்றி அமர்ந்தவர்கள் கரண்டியால் மொண்டு குடித்தனர். சென்னை உள்ளிட்ட கம்பெனி ஊர்களில் "பஞ்ச் ஹவுஸ்" என்றே மதுக்கடைகள் பெயர் பெற்றன. கப்பல்களோடு இப்பழக்கம் இங்கிலாந்துக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்றது. அத்தீவுகளில் சாராயத்தின் இடத்தைக் கரும்பிலிருந்து வடித்த ரம் பிடித்தது. அந்தச் சர்க்கரையும் ரம்மும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் விளைந்தவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கப்பலில் எலுமிச்சை

ஸ்கர்வி என்றால் வைட்டமின் சி குறைபாட்டு நோய், ஈறுகளில் இரத்தம் கசியும் என்று பாடநூலில் ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரியை எழுத மனிதகுலத்துக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் பிடித்தன.

1740இல் கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னன் மாலுமிகளுக்கு ரம்மைத் தனியாகக் கொடுக்காமல் நீர் கலந்து கொடுக்க ஆணையிட்டார். நாளொன்றுக்கு அரை பைன்ட் ரம்முக்கு ஒரு குவார்ட் நீர், அதாவது ஒன்றுக்கு நான்கு. அது இரு வேளைகளில் வழங்கப்பட்டது. விரும்பியவர்கள் சர்க்கரையும் லைம் சாறும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னார். வெர்னன் அணிந்த முரட்டுத் துணி மேலங்கியின் பெயரால் இந்தக் கலவைக்குக் கிராக் என்று பெயர் வந்தது. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கப்பட்ட எலுமிச்சைப் பானத்தின் தொடக்கம் என்று இதைக் கொள்ளலாம். ஆயினும் நோக்கம் ஸ்கர்வியைத் தடுப்பது அன்று, குடிவெறியைக் குறைப்பது.

1747 மே மாதம் சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஒரு சோதனை செய்தார். ஒரே வகையான ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராக 6 பிரிவுகளாக்கினார். எல்லோருக்கும் ஒரே உணவு. மருந்து மட்டும் வேறு. ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலம், வினிகர், கடல்நீர், பூண்டும் கடுகும் சேர்ந்த உருண்டை என்று ஐந்து பிரிவினருக்குக் கொடுத்தார். எஞ்சிய இருவருக்கு நாள்தோறும் 2 ஆரஞ்சுப் பழங்களும் 1 லெமனும். ஆறே நாளில் கப்பலில் இருந்த பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் ஒருவர் வேலைக்குத் திரும்பினார். மற்றவர் ஏனைய நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் அளவுக்குத் தேறினார். ஒப்பீட்டு முறையில் நடந்த முதன்மையான மருத்துவச் சோதனைகளில் ஒன்றாக இது போற்றப்படுகிறது.

வியப்பு என்னவென்றால், லிண்டே தம் சோதனையின் முழுப்பொருளை உணரவில்லை. 1753இல் வெளியான அவரது நூல் பெரியது. இச்சோதனை அதில் சில பக்கங்களே. நெடும்பயணத்தில் பழம் அழுகிவிடும் என்பதால் சாற்றை மெல்லச் சூடாக்கிச் சுண்டவைத்துப் பாகாக எடுத்துச் செல்லலாம் என்று பரிந்துரைத்தார். வெப்பத்தில் வைட்டமின் சி பெரும்பகுதி அழிந்துவிடும். நோய்க்கான மருந்தைக் கண்டறிந்தவரே அதனை அழிக்கும் வழியையும் கூறிவிட்டார். பிரிட்டிஷ் கடற்படை லெமன் சாற்றை எல்லோருக்கும் வழங்க முடிவெடுத்தது 1795இல்தான். லிண்டின் சோதனை நடந்து 48 ஆண்டுகள் கழிந்திருந்தன. அச்சாறும் பெரும்பாலும் கிராக்கில் கலந்தே கொடுக்கப்பட்டது. ஸ்கர்வி கடற்படையை விட்டு அகன்றது.

பெயர்க் குழப்பம் நுழைவது இங்கேதான். அதுவரை மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து லெமன் சாறு வந்தது. 1860களில் அதற்கு மாற்றாக மேற்கிந்தியத் தீவுகளின் லைம் சாறு வாங்கப்பட்டது. அவை பிரிட்டிஷ் குடியேற்றங்கள்; தோட்டங்களும் பிரிட்டிஷாருடையவை. லைம் இன்னும் புளிப்பானது. புளிப்புதான் மருந்து என்று நம்பியிருந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. இரு பழங்களின் பெயர்களையும் அக்காலத்தில் வேறுபாடின்றி மாற்றி மாற்றி எழுதினர். பிரிட்டிஷ் மாலுமிகளுக்கு அமெரிக்கர் வைத்த "லைமி" என்ற பட்டப்பெயரும் இதனால் வந்தது.

1875-76இல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் சென்ற ஆர்க்டிக் பயணத்தில் ஸ்கர்வி கடுமையாகத் திரும்பியது, உயிர்களும் போயின. நீராவிக் கப்பல்கள் வந்தபின் பயணங்கள் குறுகியதால், லைம் சாற்றின் குறை அதுவரை வெளியே தெரியாமல் இருந்தது. பழச்சாறு பயனற்றது, கெட்டுப்போன டப்பா இறைச்சியே காரணம் என்ற கருத்து மருத்துவர்களிடையே வலுப்பெற்றது. அறிந்திருந்த ஒன்றை அறிவுலகம் மறந்துபோன நிகழ்வு இது.

முதல் உலகப் போரின் இறுதியில், 1918இல், லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் இரண்டு சாறுகளையும் விலங்குகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டனர். லெமன் சாற்றின் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கே லைம் சாற்றுக்கு இருந்தது. பீப்பாயில் நெடுநாள் தேங்கி, காற்றும் ஒளியும் பட்டு, செம்புக் குழாய்களின் வழியே வந்த சாற்றில் அதுவும் மிஞ்சியிருக்காது. வைட்டமின் சி இன்னதென்று தெளிவானது 1930களில். ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, நார்மன் ஹாவொர்த் ஆகியோர் 1937இல் நோபல் பரிசு பெற்றனர்.

மது நீங்கிய சாறு

கப்பலுக்கான சாறு கெடாதிருக்க அதில் ரம் சேர்ப்பது வழக்கம். ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தைச் சேர்ந்த லாக்லன் ரோஸ், மதுவின்றிச் சாற்றைப் பதப்படுத்தும் முறைக்கு 1867இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் வணிகக் கப்பல்களும் இச்சாற்றைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது. நல்ல சந்தை அமைந்தது. ரோஸ் அதனை இனிப்பூட்டிப் புட்டியில் விற்றார். மதுவை விட்டவர்கள் நீர் கலந்து குடித்தனர். மற்றவர்கள் அதையே ஜின்னில் ஊற்றிக் கிம்லெட் ஆக்கினர். மதுவை நீக்கிச் செய்த சரக்கு மறுபடி மதுவிலேயே போய்ச் சேர்ந்தது.

ஐஸும் சோடாவும்

கிண்ணம் குவளையாகச் சுருங்கியதற்கு வாழ்க்கையின் வேகம் ஒரு காரணம். மணிக்கணக்கில் கூடியிருந்து குடிக்க நகரத்து மனிதர்களுக்கு நேரமில்லை. 1862இல் அமெரிக்காவில் ஜெரி தாமஸ் வெளியிட்ட கையேட்டில் பல பஞ்ச் வகைகள் ஒரு குவளைக்கான அளவிலேயே தரப்பட்டுள்ளன.

மற்றொரு காரணம் ஐஸ். பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்துக்குப் பின்னும் பாதிக்கு மேல் உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னையில் அதனைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம். அப்பகுதி வழியே பேருந்தில் செல்லும் மாணவர்கள் நிறுத்தத்தின் பெயரைக் கேட்கும்போது இதனை எண்ணிக்கொள்ளலாம்.

சோடாவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். நீரில் கரியமில வாயுவை ஏற்றும் முறையை 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி வெளியிட்டார். அதுவும் ஸ்கர்வியைத் தீர்க்கும் என்ற தவறான நம்பிக்கை அவருக்கு இருந்தது. 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கழுத்தில் கண்ணாடிக் கோலி வைத்த புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். புட்டியைத் தலைகீழாக நிறுத்தி நிரப்புவார்கள். நிமிர்த்தும்போது வாயுவின் அழுத்தமே கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்தி அடைத்துக்கொள்ளும். கட்டை விரலாலோ மரக்குமிழாலோ கோலியை உள்ளே தள்ளினால் திறந்துவிடும். மூடி தேவையில்லை, புட்டியைக் கழுவித் திரும்பத் திரும்ப நிரப்பலாம். ஒருவருக்கு ஒரு புட்டி. ஜப்பானில் இதே புட்டியில் வரும் பானத்தின் பெயர் ராமுனே. லெமனேட் என்பதன் திரிபு அது. தமிழ்நாட்டில் இது கோலி சோடா. விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் போன்ற உள்ளூர் நிறுவனங்கள் சோடாவையும் கலரையும் சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை கொண்டுசென்றன. ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவி 1971 வரை நீடித்தது. ஆங்கிலேயர் விஸ்கியில் ஊற்றிய சோடாவை நம்மவர்கள் எலுமிச்சையும் உப்பும் சேர்த்து, வயிற்று மந்தத்துக்கு மருந்தாகக் குடித்தனர்.

ஒரு குவளைக்கான முறை

பெரிய பழமாயின் பாதி, சிறியதாயின் ஒன்று. 15 முதல் 20 மில்லி சாறு கிடைக்கும். சர்க்கரை குளிர்நீரில் எளிதில் கரையாது. ஆகவே 2 தேக்கரண்டிச் சர்க்கரையை முதலில் சிறிது வெந்நீரில் கரைத்து, 200 மில்லி குளிர்நீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பிட்டு, சாற்றைக் கடைசியில் சேர்க்க வேண்டும். விதையையும் தோலையும் நசுக்கிப் பிழிந்தால் கசக்கும். பிழிந்து நெடுநேரம் வைத்தாலும் கசப்பு ஏறும், வைட்டமினும் குறையும். சர்க்கரைக்குப் பதில் 2 மேசைக்கரண்டி நன்னாரி மணப்பாகு ஊற்றினால் சர்பத். நீருக்குப் பதில் சோடா ஊற்றினால் லெமன் சோடா. பானகத்தைச் செம்புப் பாத்திரத்தில் கரைத்து வைக்கக் கூடாது. புளிப்பு செம்பை அரிக்கும்.

மது சேர்ந்த வகையில் கியூபாவின் டைக்கிரி அமைப்பில் மிக எளியது. சாந்தியாகோ நகருக்கு அருகில் உள்ள சுரங்க ஊரின் பெயரால் அமைந்தது. வெள்ளை ரம் 60 மில்லி, லைம் சாறு 25 மில்லி, சர்க்கரை 2 தேக்கரண்டி. இவற்றை ஐஸுடன் குலுக்கி வடிகட்டுவார்கள். நீர் தனியே சேர்ப்பதில்லை. பஞ்சில் நீர் செய்த வேலையை இங்கே உருகும் ஐஸ் செய்கிறது. மது சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரைக் குறைக்கும் என்பதால், கடும் வெயிலில் தாகம் தீர்க்க இந்த வகை உதவாது. ரம்மை நீக்கிச் சோடாவும் இரண்டு புதினா இலையும் சேர்த்தால் அதே குவளை வீட்டில் எல்லோருக்கும் ஆகும்.